ரத்தம் சரியாச்சு, கால் சரியாகல: ஈரலில் தொடங்கி பி12 வரைக்கும் ஒரு மருந்தின் கதை

இன்னிக்கு எபிசோடு கொஞ்சம் ஈரல் வாசத்தோட ஆரம்பிக்கும். சாப்பிட்டுக்கிட்டே கேக்கிறவங்க மன்னிக்கணும்.

1926, பாஸ்டன் நகரம். டாக்டர் ஒரு நோயாளிக்கு எழுதித் தர்றது மாத்திரை இல்ல, ஊசி இல்ல. ஈரல். கன்னுக்குட்டி ஈரலோ மாட்டு ஈரலோ, ஒரு நாளைக்கு 120 கிராம்ல இருந்து கால் கிலோ வரைக்கும், லேசா வேக வச்சு. தினமும். ஒரு வாரம், ரெண்டு வாரம் இல்ல, உயிரோட இருக்கிற வரைக்கும். நம்ம பக்கம் ஈரல்னா மிளகு, சோம்பு, சின்ன வெங்காயம்னு அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. அங்க அதெல்லாம் கிடையாது. முகத்தைச் சுளிச்சுக்கிட்டே விழுங்கினாங்க. ஏன்னா அதுவரைக்கும் அந்த நோய் வந்தவங்க எல்லாரும் செத்துத்தான் போயிருந்தாங்க.

நோயோட பேர் பெர்னிசியஸ் அனீமியா. தமிழ்ல சொல்லணும்னா கொல்லும் ரத்தசோகை. 1849-ல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் முதல்ல இதை விவரிச்சார். 1872-ல் அன்டன் பியர்மர் இந்தப் பேரை வச்சார். ஆள் வெளிறிப் போவார், நாக்கு வழவழன்னு சிவந்துடும், நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். இதெல்லாம் ரத்தம் குறைஞ்சா வர்றதுதான். ஆனா இந்த நோய்க்கு இன்னொரு முகம் இருந்துச்சு. பாதம் மரத்துப் போகும். விரல் நுனியில ஊசி குத்துற மாதிரி இருக்கும். கண்ணைத் திறந்திருந்தா நிப்பாங்க, முகத்துக்கு சோப்பு போட்டு கண்ணை மூடினா தள்ளாடுவாங்க. ஏன்னா கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற நரம்புப் பாதை தண்டுவடத்துல சிதைஞ்சுக்கிட்டு இருக்கும். 1900-ல் ரஸ்ஸல், பேட்டன், காலியர்னு மூணு பேர் அந்தத் தண்டுவடச் சிதைவைத் தெளிவா எழுதி வச்சாங்க. ரத்த நோய் ஒண்ணு நரம்பையும் தின்னுது, எப்படின்னு மட்டும் யாருக்கும் புரியல.

நான் ஒரு சாஃப்ட்வேர் ஆளு, டாக்டர் இல்ல. இதை ஒவ்வொரு மெடிக்கல் எபிசோடுலயும் சொல்வேன், இப்பவும் சொல்லிடுறேன். எனக்கு இந்தக் கதையில ஆர்வம் வந்ததுக்குக் காரணம் வேற. ஒரு சிஸ்டம்ல எது அளக்க ஈசியோ அதை மட்டும் பார்த்துக்கிட்டு, எது உள்ளுக்குள்ள சாகுதோ அதை விட்டுடுறது எங்க தொழில்ல தினமும் நடக்குது. மருத்துவ வரலாற்றுல அது மனுஷங்களோட காலை வச்சு நடந்திருக்கு. அந்தக் கதையில மெட்ராஸ் ரெண்டு தடவை வருது.

ஈரல் விஷயத்துக்கு வருவோம். ஜார்ஜ் விப்பிள்னு ஒருத்தர், நாய்களுக்கு ரத்தத்தை எடுத்து சோகை வர வச்சு, எதைத் தின்னா சீக்கிரம் ரத்தம் ஊறுதுன்னு பார்த்தார். ஈரல் முன்னாடி நின்னுச்சு. உண்மையில அந்த நாய்களுக்கு இருந்தது இரும்புக் குறைபாடு, பெர்னிசியஸ் அனீமியாவே இல்ல. தப்பான மாதிரியில இருந்து சரியான விடை வந்த கேஸ் இது. அதைப் பார்த்து ஜார்ஜ் மினோ, வில்லியம் மர்ஃபி ரெண்டு பேரும் 45 நோயாளிகளுக்கு ஈரல் கொடுத்தாங்க. முன்னேற்றம் தெளிவா தெரிஞ்சது. 1934-ல் மூணு பேருக்கும் நோபல். மினோ ஒரு சர்க்கரை நோயாளி. 1920-களின் தொடக்கத்துல இன்சுலின் வந்திருக்கலன்னா அவரே இந்த ஆராய்ச்சி வரைக்கும் வந்திருக்க மாட்டார்.

அதே பாஸ்டன்ல வில்லியம் காசில்னு ஒரு இளம் டாக்டர். அவர் கேட்ட கேள்வி ரொம்ப நேரானது: இந்த நோய் இல்லாத ஒருத்தன் ஏன் தினமும் கால் கிலோ ஈரல் தின்ன வேண்டியதில்ல? அவன் வயித்துல இருக்கிற எதோ ஒண்ணு இவங்க வயித்துல இல்ல. சரிபார்க்க அவர் செஞ்சதைக் கேளுங்க. சுமார் 300 கிராம் மாட்டுக்கறி சாப்பிடுவார். ஒரு மணி நேரம் கழிச்சு அதைத் தானே வெளிய எடுப்பார். அதைப் பக்குவப்படுத்தி டியூப் வழியா நோயாளி வயித்துக்குள்ள விடுவார். வெறும் கறி கொடுத்தப்ப ஒண்ணும் ஆகல. இவர் வயித்துச் சாறு கலந்த கறி போனதும் ரத்தம் ஊற ஆரம்பிச்சது. 1929-ல் இதை வெளியிட்டார். சாப்பாட்டுல ஒரு பொருள், வயித்துல ஒரு பொருள், ரெண்டும் கை கோர்த்தாதான் வேலை நடக்கும். வயித்துப் பொருளுக்கு இன்னிக்கு இன்ட்ரின்சிக் ஃபேக்டர்னு பேர். பெர்னிசியஸ் அனீமியாவுல உடம்பே தன் இரைப்பைச் செல்களைத் தாக்கி அதைக் காலி பண்ணிடுது. ஈரல்ல அந்தச் சாப்பாட்டுப் பொருள் கொட்டிக் கிடக்கிறதால, அதுல கொஞ்சம் வயித்தோட உதவி இல்லாமலே ரத்தத்துக்குள்ள கசிஞ்சுடும்.

ஒண்ணை மனசுல வச்சுக்கோங்க. ஈரல் தின்னவங்களுக்கு ரத்தம் மட்டுமில்ல, நரம்புச் சிதைவும் நின்னுச்சு. பின்னாடி இது முக்கியம்.

இப்ப மெட்ராஸ். திருவல்லிக்கேணி பக்கம் இருக்கிற கஸ்தூர்பா காந்தி அரசு மகப்பேறு மருத்துவமனை தெரியும்ல? பழைய ஆளுங்க இன்னும் கோஷா ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. 1885-ல், ஆண் டாக்டரிடம் காட்ட வராத, கோஷா முறையில வாழ்ந்த பெண்களுக்காக ஆரம்பிச்சது. 1931-ல் அங்க லூசி வில்ஸ்னு ஒரு ஆங்கிலேயப் பெண் மருத்துவர் வேலை பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி 1928-லயே பம்பாய்க்கு வந்து, துணி மில்லுல வேலை பார்த்த கர்ப்பிணிகளோட ரத்தசோகையை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தவங்க. 1929-ல் சில மாசம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல.

அந்தப் பெண்களோட ரத்தத்தை மைக்ராஸ்கோப்புல வச்சா பெர்னிசியஸ் அனீமியா மாதிரியே இருந்துச்சு. சிவப்பணுக்கள் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொண்ணும் அளவுல பெருசு. ஆனா கால் மரத்துப் போறது, தள்ளாடுறதுங்கிற அந்த நரம்பு முகம் இவங்களுக்கு பொதுவா இல்ல. வில்ஸ் எதையெதையோ கொடுத்துப் பார்த்தாங்க. கடைசியில வேலை செஞ்சது மார்மைட். பீர் காய்ச்சினப்புறம் மிஞ்சுற ஈஸ்ட்டுல இருந்து எடுக்கிற, பிரெட்ல தடவித் தின்கிற கறுப்புப் பசை. ஈரல் சாறை விட ரொம்ப மலிவு, ஏழைப் பெண்களுக்குக் கட்டுப்படியாகும். 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. இன்னொண்ணும் கவனிச்சாங்க: பெர்னிசியஸ் அனீமியாவைச் சரி பண்ற, நல்லா சுத்திகரிச்ச ஈரல் சாறு இவங்ககிட்ட வேலை செய்யல, சுத்திகரிக்காத சாறுதான் வேலை செஞ்சது. அப்போ ஈரலுக்குள்ள இருக்கிறது ஒரு மருந்து இல்ல, ரெண்டு.

ரெண்டு தனித்தனிப் பொருள், ஒரே மாதிரி ரத்தப் படம். இந்தத் துப்பு 1930-கள்லயே மேஜை மேல இருந்துச்சு.

வில்ஸ் வேலை பார்த்த அந்த ஆஸ்பத்திரியில இருந்து நடக்கிற தூரத்துல, பெரிய தெருவுல இருக்கு இந்து உயர்நிலைப் பள்ளி. அங்க இருந்து, மூணாவது முயற்சியில மெட்ரிகுலேஷன் பாஸான ஒரு பையன்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்துல பிறந்தவர், அப்ப அது மெட்ராஸ் மாகாணம். உடன்பிறந்தவங்க ரெண்டு பேரை ஸ்ப்ரூங்கிற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். சாப்பாட்டுல இருக்கிற சத்தை குடல் உறிஞ்ச முடியாமப் போற நோய் அது, அதுலயும் ரத்தசோகை வரும். அவருக்கே அந்த நோய் வந்து தப்பிச்சார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில படிச்சார். எங்க புதுக்கோட்டையில 1886-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் பட்டம் வாங்கின அதே கல்லூரி, அதுக்குச் சில வருஷம் பின்னாடி. காந்தி பேச்சைக் கேட்டு கதர்ல தச்ச ஆபரேஷன் அங்கி போட்டுக்கிட்டு வந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கல. முழு எம்.பி.பி.எஸ். கிடைக்கல, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைச்சது.

அமெரிக்கா போனார். ஹார்வர்டுல படிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை பார்த்தார். ரத்தத்துல பாஸ்பரஸ் அளக்க அவரும் சைரஸ் ஃபிஸ்கேயும் 1925-ல் கொடுத்த முறையை உயிர்வேதியியல் படிச்சவங்க இன்னிக்கும் ஃபிஸ்கே–சுப்பாராவ்னுதான் சொல்வாங்க. தசைக்கு ஆற்றல் கொடுக்கிற பாஸ்போகிரியேட்டின், அப்புறம் ஏடிபி, ரெண்டுலயும் அவர் கை இருக்கு. இதெல்லாம் தனி எபிசோடு போடணும், போடுறேன்.

நமக்கு வேண்டியது இது: ஹார்வர்டுல இருந்தப்பவே அவர் ஈரலைப் பிரிச்சு மேய்ஞ்சுக்கிட்டு இருந்தார். பெர்னிசியஸ் அனீமியாவைச் சரி பண்ற பொருள் ஈரல்ல எந்தப் பகுதியில ஒளிஞ்சிருக்குன்னு தேடினார். 1937-ல் ஜேக்கப்சனோட சேர்ந்து அதைப் பத்திக் கட்டுரை எழுதினார். ஹார்வர்டுல நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவர்ல இருந்த லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போனார், அங்க ஆராய்ச்சித் தலைவர் ஆனார். தேடல் தொடர்ந்துச்சு.

நடுவுல 1941-ல் டெக்சாஸ்ல மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ்னு மூணு பேர் நாலு டன் பசலைக்கீரையில இருந்து ஒரு பொருளைத் துளி அளவுக்கு எடுத்து, இலைங்கிறதுக்கான லத்தீன் வார்த்தையில இருந்து ஃபோலிக் ஆசிட்னு பேர் வச்சாங்க. 1945-ல் சுப்பாராவோட லெடர்லே குழு அதைச் செயற்கையா தயாரிச்சது. இனிமே கீரையும் வேணாம், ஈரலும் வேணாம், தொழிற்சாலையில டப்பா டப்பாவா வரும். லூசி வில்ஸ் மார்மைட்ல பார்த்த பொருள் அதுதான். கோஷா ஆஸ்பத்திரியில விட்ட நூலை, பக்கத்துத் தெருப் பள்ளியில படிச்சவர் பேர்ல் ரிவர்ல பிடிச்சார்னு எனக்குச் சொல்லத் தோணுது. ரெண்டு பேரும் சந்திச்சாங்கன்னு சொல்லல, நூல் ஒண்ணுங்கிறேன்.

1945-ல் டாம் ஸ்பைஸ்ங்கிற டாக்டர் அலபாமாவுல அந்த மஞ்சள் தூளை நோயாளிகளுக்குக் கொடுத்தார். கர்ப்பகாலச் சோகை, ஸ்ப்ரூ, ரெண்டும் கேட்டுச்சு. பெர்னிசியஸ் அனீமியா நோயாளிகளுக்கும் கொடுத்தார். அதுவும் கேட்டுச்சு! சில நாள்ல புது சிவப்பணுக்கள், பசி, முகத்துல நிறம். யோசிச்சுப் பாருங்க. இருபது வருஷமா ஈரலையும் ஈரல் சாறு ஊசியையும் நம்பி இருந்தவங்களுக்கு ஒரு சின்ன மாத்திரை. தேடல் முடிஞ்சதுன்னு நினைக்காதவங்கதான் ஆச்சரியம்.

ஆனா ஒரு வருஷம் ஓடுறதுக்குள்ள வேற செய்தி வர ஆரம்பிச்சது. ஃபோலிக் ஆசிட்ல இருந்த சில பெர்னிசியஸ் அனீமியா நோயாளிகள் கால் மரத்துப் போகுதுன்னு சொன்னாங்க. அப்புறம் தள்ளாட்டம். சிலருக்கு வேகமா மோசமாச்சு. ரத்தப் பரிசோதனை பண்ணினா ஹீமோகுளோபின் நார்மல். 1947-ல் வில்டர்களும் ஸ்பைஸும் சேர்ந்து எழுதின கட்டுரையில, ஒரு வருஷ முடிவுல ரத்தம் எப்படி இருக்கு, தண்டுவடம் எப்படி இருக்குன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. ரத்தம் சரியா இருக்கிறவங்களுக்கே தண்டுவடச் சிதைவு வந்திருந்துச்சு. ஸ்பைஸ் இதைத் தன் பேர்ல வெளியிட்டதை நான் பெருசா மதிக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி இந்த மருந்தைக் கொடுத்து அதோட வெற்றியை உலகத்துக்குச் சொன்னவரே அவர்தான். வேற குழுக்களும் அதே வருஷம் அதையே சொன்னாங்க.

இது சாதாரண 'மருந்து வேலை செய்யல' கதை இல்லைங்கிறதைக் கவனிங்க. வேலை செய்யாத மருந்தை ரெண்டு மாசத்துல நிறுத்திடுவாங்க. இது பாதி வேலை செஞ்ச மருந்து. எந்த அறிகுறியைப் பார்த்து டாக்டர் பயப்படுவாரோ அந்த அறிகுறியை மட்டும் துடைச்சு எடுத்துட்டு, எது திரும்பவே வராதோ அதை அழிய விட்டுச்சு. ரத்தசோகை வந்தா ரத்தம் மறுபடி ஊறும், எலும்பு மஜ்ஜை ஒரு நல்ல ஃபேக்டரி. தண்டுவடம் அப்படி இல்ல. ரொம்ப நாள் சிதைஞ்ச பாதை சிதைஞ்சதுதான். புரொடக்‌ஷன்ல ஒரு சர்வர் டேட்டாவைத் தின்னுக்கிட்டு இருக்கு, யாரோ அலெர்ட்டை மட்டும் ஆஃப் பண்ணிட்டாங்க. டாஷ்போர்டு பச்சை.

ஏன் இப்படி? காரணம் தெளிவாக இன்னும் பதினஞ்சு வருஷம் ஆச்சு. என்னால முடிஞ்ச வரைக்கும் எளிமையா சொல்றேன். ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா டிஎன்ஏ-வை நகல் எடுக்கணும். அதுக்கு ஃபோலேட் வேணும். நம்ம உடம்புக்குள்ள சுத்துற ஃபோலேட் தலையில ஒரு மெத்தில் தொப்பியோட இருக்கும். அந்தத் தொப்பியைக் கழட்டுறது பி12 கூட சேர்ந்து வேலை செய்யிற ஒரே ஒரு என்சைம். பி12 இல்லன்னா தொப்பி கழலாது, ஃபோலேட் இருந்தும் பிரயோஜனம் இல்லாம மாட்டிக்கும். டிஎன்ஏ நகல் தாமதமாகும், செல் பிரியாம ஊதிக்கிட்டே போகும். அதுதான் அந்தப் பெரிய சிவப்பணு. ஃபோலேட் குறைஞ்சாலும் இதே படம்தான் வரும், பி12 குறைஞ்சாலும் இதே படம்தான். பம்பாய்ப் பெண்ணோட ரத்தமும் பாஸ்டன் கிழவரோட ரத்தமும் ஒண்ணா தெரிஞ்சது இதனாலதான்.

மாத்திரையில வர்ற ஃபோலிக் ஆசிட்டுக்குத் தொப்பி கிடையாது. அது பி12 நிக்கிற வாசலைத் தொடாம பக்கத்து வாசல் வழியா உள்ள போயிடும். டிஎன்ஏ வேலை நடக்கும், ரத்தம் சரியாகும். ஆனா பி12-க்கு வேற வேலையும் இருக்கு. கழட்டின அந்த மெத்திலை வேற இடங்களுக்கு அனுப்பணும், சில கொழுப்பு அமிலங்கள் சரியா எரியவும் அது வேணும். நரம்பைச் சுத்தி ஒயருக்கு மேல இருக்கிற இன்சுலேஷன் மாதிரி மயலின்னு ஒரு உறை இருக்கு. பி12 இல்லன்னா அந்த உறை கெட்டுப் போகுது. அங்க பக்கத்து வாசல் எதுவும் இல்ல. ஃபோலிக் ஆசிட் நேரடியாவே நரம்புக்குக் கெடுதல் பண்ணுச்சா, இல்ல நோயை மறைச்சு நேரத்தைத் தின்னுச்சாங்கிறதுல ஆராய்ச்சியாளர்கள் நடுவுல இன்னும் வாதம் இருக்கு. கால் போனவருக்கு அந்த வித்தியாசம் பெருசா தெரிஞ்சிருக்காது.

அசல் பொருள் கடைசியில கிடைச்சது 1948-ல். அதுக்கு வழி திறந்தது மேரி ஷார்ப்னு மேரிலேண்ட் பல்கலைக்கழகத்துப் பெண் விஞ்ஞானி. அதுவரைக்கும் ஈரல் சாறுல எந்தப் பகுதி வேலை செய்யுதுன்னு பார்க்க, சிகிச்சை தொடங்காத ஒரு பெர்னிசியஸ் அனீமியா நோயாளியைத் தேடிப் பிடிச்சு, கொடுத்து, நாள் கணக்கா காத்திருக்கணும். அதான் எங்க பாஷையில டெஸ்ட் என்விரான்மென்ட், ஒரு மனுஷன். ஷார்ப் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சாங்க. ஈரல்ல இருக்கிற அந்தப் பொருள் இருந்தாதான் அது வளரும். இனிமே சோதனைக் குழாய்லயே பார்த்துடலாம். மெர்க் கம்பெனி 1948 ஏப்ரல்ல சிவப்புப் படிகமா பி12-ஐப் பிரிச்சு வெளியிட்டது. இங்கிலாந்துல கிளாக்ஸோவுல லெஸ்டர் ஸ்மித் குழுவும் கிட்டத்தட்ட அதே நேரத்துல பிரிச்சாங்க. நடுவுல ஒரு கோபால்ட் அணு, அதான் அந்தச் சிவப்பு. மைக்ரோகிராம் கணக்குல ஊசி போட்டதும் ரத்தமும் ஊறுச்சு, நரம்புச் சிதைவும் நின்னுச்சு. ஸ்பைஸும் அதை நோயாளிகள்கிட்ட பார்த்துச் சொன்னார்.

சுப்பாராவ் 1948 ஆகஸ்ட்ல தூக்கத்துலயே இறந்துட்டார். வயசு 53. ஹார்வர்டு நாள்ல இருந்து தேடின பொருள் வேற கம்பெனியில கிடைச்சு நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. இவரோட ஃபோலிக் ஆசிட் தோத்துப்போன மருந்துன்னு நினைச்சுடாதீங்க. அதே மூலக்கூறை லேசா மாத்தி, ஃபோலேட்டை ஏமாத்துற அமினோப்டெரின்னு ஒரு மருந்தை இவர் குழு செஞ்சு கொடுத்துச்சு. சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948 ஜூன்ல முடிவை வெளியிட்டார். செல் பிரியுறதுக்கு ஃபோலேட் வேணும்னா, பிரியக் கூடாத செல்லுக்கு அதைத் தடு. அதோட தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்னிக்கும் புற்றுநோய் வார்டுகள்ல ஓடுது. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் ஆரம்பிச்ச அடையாறு மாதிரி ஆஸ்பத்திரிகளுக்கு இந்த மருந்து வரிசைதான் ஆரம்ப ஆயுதம்.

ஒரு சின்ன டெக் சமாச்சாரம், விட மனசு வரல. பி12-ஓட வடிவத்தை 1956-ல் எக்ஸ்ரே வச்சுக் கண்டுபிடிச்சவங்க ஆக்ஸ்போர்டு டாரத்தி ஹாட்ஜ்கின். அந்தக் கணக்கு கையால போட முடியாத அளவு. கலிஃபோர்னியாவுல கென்னத் ட்ரூபிளட்னு ஒருத்தர் எஸ்.டபிள்யூ.ஏ.சி.ங்கிற அந்தக் காலக் கம்ப்யூட்டர்ல ஓட்டிக் கொடுக்கிறேன்னார். ஆக்ஸ்போர்டுல இருந்து டேட்டா தபால்ல போகும், விடை தபால்லயும் தந்தியிலயும் வரும். லேட்டன்சியைப் பத்திப் புலம்புறவங்க கவனத்துக்கு. 1964-ல் ஹாட்ஜ்கினுக்கு நோபல்.

சரி, முடிஞ்சுபோன வரலாறுதானேன்னு கேப்பீங்க. என் அப்பத்தா கதையைச் சொல்றேன். புதுக்கோட்டை மாவட்டத்துல கிராமம். தாத்தா போனதுல இருந்து அப்பத்தா கவுச்சி தொட்டதில்ல, இருபது வருஷத்துக்கு மேல. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்குக் காலையில ஒரு மாத்திரை. "காலு மதமதங்குதுய்யா, செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்குது"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்க. கொஞ்சம் சோகைன்னு ஃபோலிக் ஆசிட் கலந்த இரும்பு டானிக். மூணு மாசம் கழிச்சு ஹீமோகுளோபின் 12. ரத்தம் நல்லா இருக்கு, கால் மதமதப்பு சர்க்கரையால, வயசாச்சுல்ல, அப்படின்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாங்களும் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நிம்மதியா இருந்தோம். அப்புறம் இருட்டுல கொல்லைக்குப் போறப்ப ரெண்டு தடவை விழுந்தாங்க. வேற ஒரு டாக்டர்தான் பி12 பார்க்கச் சொன்னார். ரொம்பக் கீழ இருந்துச்சு. ஊசி ஆரம்பிச்சு ஆறு மாசத்துல தள்ளாட்டம் நல்லா குறைஞ்சது. பாத மதமதப்பு முழுசா போகல, இனி போகாதுன்னும் சொல்லிட்டாங்க.

அப்பத்தாவுக்கு இருந்தது பெர்னிசியஸ் அனீமியா இல்ல. வயித்து நோய் இல்லாமலே பி12 வேற பல வழியில குறையும். பி12 எந்தச் செடியும் தயாரிக்கிறதில்ல, பாக்டீரியா மட்டும்தான். நமக்கு வர்றது கறி, மீன், முட்டை, பால் வழியா. ஈரல்ல சேமிப்பு இருக்கிறதால, வரத்து நின்னாலும் உடனே தெரியாது, வருஷக்கணக்கா ஓடும். மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தா சிலருக்கு பி12 உறிஞ்சுறது குறையும். 2022-ல் பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைச் சொல்லி, சந்தேகம் இருந்தா பரிசோதிங்கன்னு டாக்டர்களுக்கு அறிவுறுத்துச்சு. அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் நாள்பட இப்படிச் செய்யலாம். சர்க்கரையாலயும் கால் மதமதங்கும், பி12 குறைஞ்சாலும் மதமதங்கும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட ஒண்ணா இருக்கலாம். பார்ட்டியில பலூன்ல சிரிப்பு வாயு இழுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: நைட்ரஸ் ஆக்சைடு உடம்புல இருக்கிற பி12-ஐயே செயலிழக்க வைக்கும். இருபது வயசுப் பசங்க அதே தண்டுவடச் சிதைவோட ஆஸ்பத்திரிக்கு வர்றது லண்டன்ல இப்ப புதுசில்ல.

இதைக் கேட்டுட்டு யாரும் ஃபோலிக் ஆசிட்டை நிறுத்திடாதீங்க, அதுவும் கர்ப்பமா இருக்கிறவங்க நிறுத்தவே கூடாது. குழந்தையோட முதுகுத்தண்டு சரியா மூடுறதுக்கு அது வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல தர்ற இரும்பு–ஃபோலிக் மாத்திரையில 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கு. லூசி வில்ஸ் மார்மைட் கரண்டியோட நின்ன இடத்துல இருந்து நேரா வர்ற கோடு அது, எத்தனையோ பிரசவத்தைக் காப்பாத்தியிருக்கு. நான் சொல்றது வேற. கால் மதமதங்குதுன்னு வீட்ல ஒரு பெரியவங்க சொன்னா, ஹீமோகுளோபின் நல்லா இருக்குங்கிறது அதுக்குப் பதில் இல்ல. பி12 எவ்வளவுன்னு கேளுங்க. அது எல்லைக்கோட்டுல நின்னா மெத்தில்மலோனிக் ஆசிட்னு இன்னொரு டெஸ்ட்டும் இருக்கு. சிகிச்சை ஊசிதான்னு இல்ல. அதிக அளவு மாத்திரை கொடுத்தா நூத்துக்கு ஒரு பங்கு வயித்தோட உதவி இல்லாமலே கசிஞ்சு உள்ள போகும், 1926-ல் ஈரல் வேலை செஞ்ச அதே வழி. எது யாருக்குங்கிறதை டாக்டர் சொல்லட்டும்.

ரேஷன் கடையில வந்த செறிவூட்டப்பட்ட அரிசியைப் பார்த்திருப்பீங்க. சாதா அரிசி நூறுக்கு ஒரு பங்கு, பார்க்க அரிசி மாதிரியே இருக்கிற செறிவூட்டின மணி. பிளாஸ்டிக் அரிசின்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அதுதான். தண்ணியில மிதக்குதுன்னு எங்க தெருவுலயே பொறுக்கிப் போட்டவங்க இருக்காங்க. அதுக்குள்ள என்னென்ன இருக்கணும்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு: இரும்பு, ஃபோலிக் ஆசிட், அது கூடவே ஒரு கிலோவுக்கு 0.75-ல இருந்து 1.25 மைக்ரோகிராம் பி12. ரொம்பச் சின்ன அளவுதான், குறைபாடு ஏற்கனவே இருக்கிறவங்களுக்கு இது சிகிச்சை ஆகாது. ஆனா ஃபோலிக் ஆசிட்டைத் தனியா அனுப்பல.

அடுத்த வாரம் சுப்பாராவோட ஏடிபி கதை. அதுக்கு முன்னாடி, வீட்ல யாருக்காவது மெட்ஃபார்மின் ஓடுதுன்னா கடைசியா எப்ப பி12 பார்த்தாங்கன்னு கேட்டு எனக்கு எழுதுங்க. வர்றேன் மக்களே.